வரைபடத்தை விரித்து வைத்த மிஸ்ஸி

ஆஸ்பத்திரியில் வெள்ளை உடுப்போடு வேலை செய்யும் பெண்கள் எல்லாரையும் எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஒழுங்கையில் மிஸ்ஸி என்றால் ஒருவர்தான். பிரசவ விடுதியில் பதினைந்து வருடம் மருத்துவிச்சியாக இருந்தவர். அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. அதனால் நானும் எழுதவில்லை.

பார்க்காத ஒன்றைப் பற்றி யாராவது முடிவு சொன்னால் அவரால் பொறுக்க முடியாது. "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்பார். குரல் உயராது. பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். இது நேற்றைய மீன் என்று யாராவது சொன்னால், மீன்காரனின் சைக்கிளை மறித்து, செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூட விடுவார். வயிறு கூர்ந்திருக்கிறது, ஆண் பிள்ளைதான் என்று ஒரு மாமியார் சொன்னால், "உள்ள போய்ப் பாத்துட்டா வாறீங்க மாமி?" என்பார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

ஒருமுறை விடுதிக்குப் புதிதாக வந்த டொக்டர் ஒருவர், கட்டிலடிக்கு வராமல், மேசையில் இருந்தபடியே ஒரு பெண்ணின் டிக்கட்டில், அதாவது நோய்க்குறிப்பு அட்டையில், வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதிவிட்டார். மிஸ்ஸி அந்த டிக்கட்டை எடுத்து அவர் முன்னால் திரும்ப வைத்து, தன் கேள்வியைக் கேட்டார். டொக்டர் பேனையை எறிந்தார். மிஸ்ஸி அதைப் பொறுக்கி, மூடியைப் போட்டு, டிக்கட்டின் மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். கடைசியில் டொக்டர் எழுந்து போய்ப் பார்த்தார். அந்தப் பெண் அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் மிஸ்ஸிக்கு இடமாற்றம் வந்தது. வயல்களுக்கு நடுவில், நாளுக்கு இரண்டு பஸ் மட்டும் வரும் ஒரு கிளினிக். எட்டு மாதம் போய்வந்தார். திரும்பி வந்த முதல் நாளே இன்னொரு டிக்கட்டோடு அதே டொக்டரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாராம். இதை எனக்குச் சொன்னவள் பாண்டிருப்புப் புனிதம். ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் யன்னலில் இருப்பவள். மிஸ்ஸியின் கூட்டாளி.

தூரத்திலிருந்து கேட்க இது பெருமையாக இருக்கும். பக்கத்து வீட்டில் இருந்தால் அவ்வளவு சுகமில்லை. மிஸ்ஸி வந்தால் சட்டி மூடிகளைத் திறந்து பார்ப்பார். நான் தபால் கந்தோரில் கிளாக். பதினேழு வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள். ஒருநாள் மேசையில் கிடந்த கொப்பியைக் கேட்காமலே எடுத்து, தன்னைப் பற்றிய பக்கத்தைத் தேடிப் பிடித்து வாசித்தார்.

"நான் கோவமாப் போன எண்டு எழுதியிரிக்கா. நீ பாத்தயா? நான் போகக்குள்ள நீ குசினிக்குள்ள நிண்ட."

உண்மைதான். அந்த வரியை வெட்டினேன். அன்றிலிருந்து கண்டதைக் கண்டதென்றும் கேட்டதைக் கேட்டதென்றும் எழுதுகிறேன். இதிலும் அப்படித்தான்.

அந்தப் புத்தகம் வந்தது எண்பதுகளின் நடுவில். மிஸ்ஸியின் கணவர் சவூதியில் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டினார். அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் லீவுக்குப் போய்த் திரும்பும்போது, அங்கே அப்போதுதான் வெளியான புத்தகம் என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இவர் அது படம் போட்ட கதைப் புத்தகம் என்று நினைத்து, இங்கிலீஷ் வாசிக்கும் மனைவிக்குப் பார்சலில் அனுப்பிவிட்டார். பார்சலுக்குக் கையெழுத்து வாங்கியது நான்தான். மிஸ்ஸி வீடு போகும்வரை பொறுக்கவில்லை. என் கவுண்டரிலேயே நூலை அறுத்தார்.

பள்ளிக்கூட அட்லஸ் அளவு. முப்பத்திரண்டு பக்கம். நடுமடிப்பில் குத்திய இரண்டு கம்பி ஊசி. மட்டையில், ஒரு மலை உச்சியில் செட்டை விரித்த மிருகம். கீழே விளக்குகள் எரியும் சின்ன ஊர். மட்டை புத்தகத்தோடு ஒட்டியிருக்கவில்லை. கழற்றினால் உள்பக்கத்தில் நீல மையில் ஒரு வரைபடம். கூடவே ஒரு பொலித்தீன் பையில் ஆறு தாயக்கட்டைகள். நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று ஒவ்வொன்றும் ஒரு விதம். மிஸ்ஸி முதலில் புத்தகத்தை மணந்து பார்த்தார். பிறகு கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பின்னால் மூன்று பேர் முத்திரைக்கு நின்றார்கள்.

இரண்டு நாளில் முழுவதும் வாசித்து முடித்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினார். அது தனியே வாசிக்கும் புத்தகம் அல்ல, கூடியிருந்து விளையாடுவது. ஒருவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு கதையைச் சொல்லுவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நிற்க வேண்டும். இப்போது என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்பார். நாங்கள் சொல்லும் காரியம் கைகூடுமா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும். மலையிலுள்ள மிருகத்தை வென்று அதன் புதையலை எடுப்பதுதான் அந்தக் கதை.

புத்தகம் எப்படி என்று கேட்டேன். அவருடைய பதிலை அன்றே எழுதி வைத்திருக்கிறேன்.

"எழுதினவன் கெட்டிக்காரன். ஒவ்வொரு ஊட்டு வாசலுலயும் என்ன மணக்குது எண்டு எழுதியிரிக்கான். ஆனா இருநூறு பேர் இரிக்கிற ஊரு. கொல்லன் இரிக்கான், காவக்காரன் இரிக்கான், கள்ளுக்கடை இரிக்கி. ஒரு மருத்துவிச்சி இல்ல. இந்த ஊருல ஒருத்தியும் புள்ள பெறல்லயா?"

சொல்லிவிட்டு, பென்சிலால் வரைபடத்தில் ஆற்றங்கரையோரம் ஒரு வீடு கீறி, அதற்கு ஒரு இலக்கமும் போட்டார்.

சனிக்கிழமைகளில் நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, பின்னேர அசர் வரைக்கும் என்று நேரம் வைத்தோம். மிஸ்ஸியின் வீட்டு விறாந்தையில் மேசை. மிஸ்ஸி, அவருடைய தங்கச்சி ஹசீனா, புனிதம், நான். ஹசீனா அதே வளவில் அடுத்த வீட்டில் இருந்து உடுப்புத் தைப்பவள். நாலு கதிரைகளில் ஒன்று ஆடும். அது எப்போதும் எனக்கு.

முதல் நாளே ஒரு தடங்கல். வரைபடத்தைக் கதை சொல்பவர் மட்டுமே பார்க்கலாம், மற்றவர்களுக்குக் காட்டவே கூடாது என்று புத்தகத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மிஸ்ஸி அந்த வரியை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன்.

"போற ஆக்கள் இவங்க. வழிய எனக்கு மட்டும் தெரிஞ்சா போதுமா? வயித்துக்குள்ள என்ன நடக்குது எண்டு புள்ளத்தாச்சிக்குச் சொல்லாம நான் ஒருநாளும் பிரசவம் பாத்ததில்ல."

சொன்னபடியே வரைபடத்தை மேசை நடுவில் விரித்தார். காற்றுக்குப் பறக்காமல் நாலு மூலையிலும் நாலு தேத்தண்ணிக் கிளாஸ். மிருகம் படுத்திருக்கும் குகை, பொறிக்கிடங்கு, புதையல் அறை எல்லாம் எங்கள் கண் முன்னால் கிடந்தன.

புனிதம் குனிந்து நல்ல நேரம் பார்த்தாள். "மிருகம் இஞ்ச படுத்திருக்கு. புதையல் அதுக்குப் பின்னால. எங்களுக்கு அந்தப் புதையல் என்னத்துக்கு மிஸ்ஸி?"

மிஸ்ஸி பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். அதற்குப் பதில் புத்தகத்திலும் இருக்கவில்லை. அதனால் நாங்கள் மலைக்குப் போகவே இல்லை. மூன்று சனிக்கிழமையும் அந்த ஊரிலேயே சுற்றித் திரிந்தோம். உடைந்த பாலத்தைத் திருத்தினோம். கொல்லனுக்கும் ஆலைக்காரனுக்கும் இருந்த சண்டையைத் தீர்த்தோம். ஹசீனாவுக்குக் கிடைத்தது வாள் வீசும் வீரன். அவள் அவனுடைய வாளை விற்றுத் தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தாள். அந்தக் காலத்தில் ஏது தையல் மெஷின் என்று நான் கேட்டேன். "நீ பாத்தயா?" என்று மிஸ்ஸி கேட்டார். இதற்கெல்லாம் புத்தகத்தில் பக்கம் இல்லை. மிஸ்ஸி ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். எழுதியவர் கண்டிருந்தால் தலையில் கைவைத்திருப்பார். ஆனால் அந்த மேசையில் சிரித்த அளவுக்கு நாங்கள் வேறெங்கும் சிரித்ததில்லை. கட்டை உருளும் சத்தமும் சிரிப்பும் வேலிக்கு வெளியே கேட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமைக்கு அடுத்த நாள் பள்ளிவாசல் மரைக்கார்களில் ஒருவர் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்களைத்தான் மரைக்கார் என்போம். கூட்டிக்கொண்டு வந்தவர் மிஸ்ஸியின் காக்கா, அதாவது அண்ணன். நான் ஹசீனா வீட்டு யன்னலடியில் இருந்தேன். விறாந்தை பத்தடி தூரம். எல்லாம் கேட்டது, பாதி தெரிந்தது.

இந்த வீட்டில் பெண்கள் தாயக்கட்டை உருட்டிச் சூதாடுகிறார்கள் என்று ஊர் கதைக்கிறது, புத்தகமும் கட்டையுமாக எரித்துவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று காக்கா சொன்னார். மிஸ்ஸி அவரைப் பார்க்கவில்லை. மரைக்காரிடம்தான் கேட்டார். "நீங்க பாத்தீங்களா மரைக்கார்?"

மரைக்கார் நேர்மையானவர். இல்லை என்றார். மிஸ்ஸி கதிரை போட்டு, தேத்தண்ணி வைத்து, புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. மரைக்கார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வரைபடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல ஆரு வெல்ற?"

"ஆரும் இல்ல. எல்லாரும் ஒண்டாப் போற, ஒண்டா வாற."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கதைக்கு நான் ஒண்டும் சொல்லல்ல புள்ள. ஆனா இந்தக் கட்டை ஏலா. பந்தயம் வெச்சாலும் ஏலா, வெக்காட்டியும் ஏலா. கிதாபுல இரிக்கி."

"காட்டுங்க."

காக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். மரைக்காரிடம் காட்டு என்று யாரும் சொன்னதை அவர் கேட்டிருக்கமாட்டார். ஆனால் மரைக்கார் அடுத்த நாள் பின்னேரம் அந்த மார்க்கச் சட்டக் கிதாபைத் துணியில் சுற்றிக்கொண்டு காக்காவோடு வந்தார். நான் அதே யன்னலடியில் இருந்தேன். இடத்தை விரலால் தொட்டு வாசித்தார். மிஸ்ஸி முன்னும் பின்னும் இரண்டு பக்கம் தானும் வாசித்தார். வாசித்துவிட்டு உள்ளே போய், ஆறு கட்டைகளையும் அந்தப் பொலித்தீன் பையோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பார்த்துவிட்டுச் சொன்ன ஒரு ஆளுக்கு அவர் விட்டுக்கொடுத்ததை நான் கண்டது அன்றுதான்.

மரைக்கார் அதோடு போயிருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். பையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். பாண்டிருப்புப் புள்ளை இங்கே வந்துபோவது இந்த நேரத்தில் சரியில்லை, அதையும் நிறுத்திவிடுவது நல்லது.

அந்த நேரம் எப்படிப்பட்டதென்று சொல்ல வேண்டும். எங்கள் ஒழுங்கையிலிருந்து கல்முனைச் சந்தைக்கும், அதைத் தாண்டித் தமிழர் ஊரான பாண்டிருப்புக்கும் நடந்தே போய்விடலாம். எங்கள் ஆட்களும் அவர்களுடைய ஆட்களும் ஒரே கடையில் மீனும் அரிசியும் வாங்கியவர்கள். அந்த வருடம் அந்த இடைத்தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்திருந்தது. தெரிந்த முகங்கள் ஒன்றையொன்று கண்டால் தலையைக் குனிந்தன. யாரும் யாருக்கும் ஒன்றும் செய்யாமலே பயம் வந்து இருந்துவிட்டது.

மிஸ்ஸி மரைக்காரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அதுவும் கிதாபுல இரிக்கா?"

மரைக்கார் துணியை எடுத்துக் கிதாபைத் திரும்பச் சுற்றினார். பதில் சொன்னவர் காக்காதான். "இது வாப்பாட வளவு. இஞ்ச வாறது ஆரு, போறது ஆரு எண்டு கேக்க எனக்கு உரிமை இரிக்கி."

"வாப்பா எனக்குச் சீதனமா எழுதித் தந்த வளவு காக்கா. ஒங்கட ஊடு சாய்ந்தமருதுல மதினிட ஊடு. அங்க ஆரு வாற எண்டு நான் ஒருநாளும் கேட்டதில்ல. இருந்து தேத்தண்ணியக் குடிச்சிட்டுப் போங்க."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். பிறந்த வீட்டு விறாந்தையில் காக்கா விருந்தாளி. அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் முகத்துக்கு நேரே அதை யாரும் சொன்னதில்லை. அவர் தேத்தண்ணி குடிக்கவில்லை. வேலிப் படலையை மூடாமல் போனார்.

பேச்சு ஊருக்குள் நடந்தது. வியாழக்கிழமை மருந்து யன்னலில் நின்ற ஒரு ஆள், இனி அந்தப் பக்கம் போகாதே என்று புனிதத்திடம் சொல்லிவிட்டுப் போனானாம். வெள்ளிக்கிழமை காலை அவள் தபால் கந்தோருக்கு வந்தாள். மிஸ்ஸியும் அங்கே கணவருக்குக் கடிதம் போட வந்து நின்றார்.

"நான் வரல்ல எண்டா உங்களுக்குக் கரச்சல் இல்லத்தானே மிஸ்ஸி," என்றாள்.

"எங்கட கரச்சல நாங்க பாத்துக்குவம். நீ வாறயா, இல்லயா? அத மட்டும் சொல்லு."

புனிதம் முத்திரை ஒட்டும் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். தம்பிமார் இரண்டு பேர் வீட்டில். அவர்களிடமும் அவள் பதில் சொல்ல வேண்டும். அதெல்லாம் மிஸ்ஸிக்கும் தெரியும். ஆனாலும் முடிவை அவளிடமே விட்டார்.

"வாறன்," என்றாள்.

சனிக்கிழமை மிஸ்ஸி புனிதத்தைக் கூட்டிவரச் சந்தைக்குப் போனார். அன்று லீவு. ஆனாலும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார். தலையிடி என்று சொன்னேன். தலையிடி இல்லை. பின் ஒழுங்கையால் சுற்றி வந்து, மிஸ்ஸியின் படலைக்குள் நின்றுகொண்டேன். நாட்குறிப்பிலும் இப்படியேதான் இருக்கிறது.

இரண்டு மணி இருபதுக்கு இருவரும் பள்ளிவாசல் சந்தியில் திரும்பினார்கள். அங்கிருந்து படலை வரை நேர்த்தெரு. ஒரு பக்கம் பள்ளிவாசல், மறுபக்கம் தேத்தண்ணிக் கடை. கடை வாசலில் ஏழு பேர் நின்றார்கள். எண்ணினேன். காக்காவும் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். மிஸ்ஸி ஒரு கையில் புத்தகத்தை மட்டை வெளியே தெரியப் பிடித்திருந்தார். மறுகை புனிதத்தின் முழங்கையில் இருந்தது. தெருவின் நடுவால் வந்தார்கள்.

கடைக்குள்ளிருந்து ஒருவன் கேட்டான். "என்ன மிஸ்ஸி, பேய்க்குப் பிரசவம் பாக்கவா புத்தகம்?"

மிஸ்ஸி நின்றார். "ஒன்ட மூணு புள்ளயையும் நான்தானே எடுத்த. பேய் எது எண்டு எனக்குத் தெரியும்."

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். காக்கா சிரிக்கவில்லை. அப்போது மரைக்கார் பள்ளிவாசல் படியிறங்கி வந்தார். மிஸ்ஸி சலாம் சொன்னார். சலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னார். சொல்லும்போது அவருடைய கண் புனிதத்தின் மேல் போய் நின்றது.

"கால் வீக்கம் குறைஞ்சிட்டா ஐயா?" என்று புனிதம் கேட்டாள். "அந்த வெள்ளைக் குளிசை ராவையில போடாதீங்க. காலம்பிறயே போடுங்க."

மாதா மாதம் யன்னலுக்கு உள்ளேயிருந்து நீளும் கையைத்தான் அவர் கண்டிருக்கிறார். முகத்தை அன்றுதான் வெளிச்சத்தில் பார்த்தார் என்று நினைக்கிறேன். இது என்னுடைய ஊகம், ஊகமென்றே எழுதுகிறேன். "குறஞ்சிரிக்கி," என்றார். வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. திரும்பவும் படியேறி உள்ளே போய்விட்டார். கடை வாசலில் நின்றவர்கள் அப்படியே நின்றார்கள். இருவரும் வந்து படலைக்குள் ஏறினார்கள். புனிதத்தின் முழங்கையில் மிஸ்ஸியின் விரல் அடையாளம் பதிந்திருந்தது. அவர் யாரையும் அப்படி இறுக்கிப் பிடித்ததை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை.

ஹசீனா மேசையைத் துடைத்து வைத்திருந்தாள். மிஸ்ஸி என்னைப் பார்த்து, தலையிடி சுகமா என்று மட்டும் கேட்டார். கட்டைகள் இல்லை. அவர் நாடி பார்க்கும் கைக்கடிகாரத்தைக் கழற்றி வரைபடத்தின் மேல் வைத்தார். நாங்கள் ஒன்றைச் செய்கிறோம் என்று சொல்லும் கணத்தில் விநாடி முள் எங்கே நிற்கிறதோ அதுதான் இனி எண். முள்ளை யாராலும் உருட்ட முடியாது என்றார்.

படலைக்கு வெளியே தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கடை வாசலில் நின்றவர்கள்தான், இப்போது எங்கள் வேலியோரம். சிலர் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். மிஸ்ஸி விறாந்தையின் மறைப்புப் பாயை இறக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, ஓரத்தில் தான் பென்சிலால் எழுதியிருந்ததை வாசித்தார். தன்னைத் தேடி யாரும் மலைக்கு வராததால், மிருகம் தானாகவே ஊருக்குள் இறங்கி வந்துவிட்டது. சனமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டது. மிருகம் கிணற்றடியில் வந்து நிற்கிறது.

"புனிதம், நீ கிணத்தடியில நிக்கிறா. கையில வாளி. அது ஒன்னயே பாத்துக்கிட்டு நிக்கி. என்ன செய்றா?"

புனிதம் வரைபடத்தைப் பார்க்கவில்லை. வேலியைத்தான் பார்த்தாள்.

"அது பாக்கட்டும் மிஸ்ஸி," என்றாள். "நான் தண்ணி அள்ளுறன்."